கஞ்சிக்கு ஏற்ற சூடு

நல்லேப்பிள்ளி அடங்கிய சித்தூர்ப் பகுதி தென்னங்கள்ளுக்குப் பெயர் போனது. பாளையில் வடியும் சாற்றில் சர்க்கரை முன்பே உண்டு. அடுப்பே வேண்டாம், தானாகப் புளிக்கும். தானியத்தில் இருப்பதோ மாவுச்சத்து. முளைவிடும்போது பெருகும் அமைலேஸ் என்னும் நொதிதான் அதை உடைத்துச் சர்க்கரையாக்கும்.

இந்நொதிக்குச் சூடு பிடிக்கும், கொதி பிடிக்காது. மேல்நாட்டில் பீர் வடிப்போர் முளைகட்டி உலர்த்திய பார்லியைச் சுமார் 65 டிகிரி செல்சியஸில் ஊறவைப்பர். சக்கையில் தங்கிய இனிப்பைக் கழுவியெடுக்க 75 டிகிரி அளவில் நீர் ஊற்றுவர். சூடு குறைந்தால் சாறு எளிதில் இறங்காது. மிகுந்தால் உமியின் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும்.

நமக்குக் கள்ளும் வேண்டாம், பீரும் வேண்டாம். அந்தக் கணக்கு போதும். கேழ்வரகுக் கஞ்சி கெட்டியா இருந்தா பிள்ளை விழுங்காதுன்னு வீடுகளில் தண்ணீரைக் கூட்டிவிடுகிறோம். சின்ன வயிறு நிறையும், சத்து சேராது.

இதற்கு வழி உண்டு. சாதாரண மாவில் கெட்டியாகக் காய்ச்சி இறக்குங்கள். 65 டிகிரி அளவுக்கு, அதாவது கொதி அடங்கியும் விரல் பொறுக்காத சூட்டுக்கு வந்ததும், முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவு ஒரு தேக்கரண்டி கலக்குங்கள். சில நிமிடத்தில் கஞ்சி இளகும். மீண்டும் ஒரு கொதி விட்டு, ஆறவைத்து ஊட்டலாம்.

கொதிக்கும்போதே கலந்தால் நொதி அழிந்துவிடும். நன்றாக வறுத்து அரைத்த முளைமாவும் இதற்கு ஆகாது. கடையில் கேட்டு வாங்குக. நீர் கூடாமல் இளகிய கஞ்சியில் போட்ட மாவு அத்தனையும் பிள்ளைக்கே சேரும்.