ஒரு டிரங்குப் பெட்டியும் மூன்று விடுதிகளும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்குக் கவிதை ஒன்று கொடு என்றுதான் பேரவைச் செயலாளர் கேட்டார். எனக்குக் கவிதை வராது. மெஸ் பில் கணக்குதான் வரும். அதையே எழுதித் தருகிறேன் என்றேன். "யாருடா படிப்பாங்க?" என்றார். இதோ, நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஜெயித்துவிட்டேன்!

என் கட்டிலுக்குக் கீழே ஒரு பச்சை டிரங்குப் பெட்டி கிடப்பது நம் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். டிராலி பேக் உருளும் காலத்தில் இதைத் தலையில் சுமந்து வந்தவன் என்று முதல் வருடம் முழுக்கக் கிண்டல். அந்தப் பெட்டி மூடியின் உட்பக்கம் பெயின்டில் இரண்டு பெயர் எழுதியிருக்கும். மேலே என் தாத்தா பெயர், 'எல்.எம்.இ., 1964' என்று. கீழே என் அப்பா பெயர், 'டி.எம்.இ., 1992' என்று. (எல்.எம்.இ. என்றால் லைசென்ஷியேட் இன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நாம் இன்று டிப்ளமோ என்கிறோமே, அதற்கு அன்றைய பெயர்.) மூன்றாவதாக என் பெயரை மார்க்கரில் எழுதினேன். ஒரே மழையில் அழிந்துபோய்விட்டது.

மூன்று பேரும் வேறு வேறு ஊரில் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தவர்கள். தாத்தாவையும் அப்பாவையும் போன தீபாவளி லீவில் உட்காரவைத்துக் கேட்டதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

தாத்தா காலத்தில் அறைக்கு நாலு பேர். மின்விசிறி கிடையாது. பொதுக் கூடத்தில் ஒரே ஒரு ரேடியோ. அதில் இலங்கை வானொலி வைக்கலாமா, கூடாதா என்பதுதான் பெரிய அரசியல். ராத்திரி ஒன்பது மணிக்கு வார்டன் ரூம் ரூமாக வந்து தலை எண்ணுவாராம். விறகடுப்புச் சமையல். 1960-களின் நடுவில் அரிசிக்குக் கடும் தட்டுப்பாடு. 1967 தேர்தலே ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சில் நடந்த தேர்தல்தானே! அப்போது விடுதியில் வாரத்துக்கு இரண்டு ராத்திரி கோதுமைதான். "கோதுமையைச் சோறு மாதிரி ஆக்கிப் போடுவான் கண்ணு, மென்னு மென்னு தாடை வலிக்கும்" என்று தாத்தா இன்றும் சப்பாத்தியைக் கண்டால் முகம் சுளிக்கிறார். 1965 மொழிப் போராட்டத்தின்போது கல்லூரிகளை மூடி எல்லோரையும் ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்போது இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் கிடைக்காமல் பாதி தூரம் நடந்திருக்கிறார்.

"எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவீங்களா தாத்தா?" என்று கேட்டேன். சைவத்துக்கு ஒரு பந்தி, அசைவத்துக்கு ஒரு பந்தி, அவ்வளவுதான் என்றார். 'அவ்வளவுதான்' என்று சொல்கிறோமே தவிர, அந்த இடத்துக்கு வந்து சேர நம் நாட்டில் எவ்வளவு சண்டை நடந்திருக்கிறது! 1920-களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்று தெரிந்து டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். 1924, 1925-ல் காங்கிரஸ் கட்சியே அதனால் ரெண்டுபட்டது. கட்சிப் பணம் அந்தக் குருகுலத்துக்குப் போயிருந்தது, அதுதான் விஷயம். பொதுப் பணத்தில் நடக்கும் விடுதியில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வி அன்றைக்கே தெருவுக்கு வந்துவிட்டது. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி மாதிரியான அரசு மாணவர் விடுதிகள் இல்லையென்றால் எத்தனையோ பேர் நகரத்துக்கு வந்தே படித்திருக்க முடியாது. இப்படிப்பட்ட அரசு விடுதிகளுக்கெல்லாம் 2025-ல் 'சமூகநீதி விடுதி' என்று ஒரே பெயர் வைத்தார்கள். நம் வகுப்பிலும் அங்கே தங்கிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மெஸ் பில் என்ற தலைவலி கிடையாது.

நமக்கு உண்டு. இனி அதற்கு வருகிறேன்.

அப்பா காலத்தில் 'டிவைடிங் சிஸ்டம்'. இப்போது நமக்கு 'கான்ட்ராக்ட் மெஸ்'. அடுத்த பொதுக்குழுவில் மறுபடி டிவைடிங் வேண்டுமா என்று ஓட்டெடுப்பு வரப்போகிறது. டிவைடிங் என்றால் என்ன என்றே தெரியாமல் பாதிப் பேர் கை தூக்கப் போகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒரு பேச்சுக்கு விடுதியில் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு அரிசி, பருப்பு, காய்கறி, பால், கேஸ் எல்லாம் சேர்ந்து 2,16,000 ரூபாய் செலவு. நூறு பேரும் முப்பது நாளும் இருந்திருந்தால் 3,000 சாப்பாட்டு நாள். ஆனால் லீவில் போனவர்கள் நாளைக் கழித்தால் 2,700 நாள்தான் வருகிறது. 2,16,000-ஐ 2,700-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 80 ரூபாய். முப்பது நாளும் சாப்பிட்டவனுக்கு 2,400. அஞ்சு நாள் ஊருக்குப் போனவனுக்கு 2,000. இது போக சமையல்காரர் சம்பளம் 40,000 என்றால் தலைக்கு 400. அதை ஊரில் இருந்தாலும் கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் மாஸ்டருக்கு நாம் லீவில் போனதால் சம்பளம் குறையாது. இவ்வளவுதான் டிவைடிங். லாபம் கிடையாது, வந்த செலவைப் பங்கு போடுவது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எவனாவது லீவு என்று நோட்டில் எழுதிவிட்டு, பின் வாசல் வழியாக வந்து சாப்பிட்டுப் போனால் அவன் சோற்றுக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். மெஸ் ரெப் மார்க்கெட்டில் தக்காளி விலையைக் கூட்டி எழுதினாலும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். (எழுதினார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுதாதவன் எவன்?" என்று சிரித்தார். நீங்களும் மெஸ் ரெப்தானே என்று நான் கேட்கவில்லை.) மூன்றாவதுதான் முக்கியம். ஒருவன் பணம் கட்டாமல் பாக்கி வைத்தால் மளிகைக் கடைக்காரருக்குக் கொடுக்கப் பணம் குறையும். பாக்கி ஏறினால் அவர் கடனுக்குச் சாமான் தர மாட்டார். மெஸ் மூடவேண்டியதுதான். ஆக, ஒருவன் பாக்கி எல்லோர் வயிற்றிலும் அடிக்கும்.

அதனால் என்ன செய்வார்கள்? மாதம் பத்தாம் தேதி ஆனால் மெஸ் வாசலில் கரும்பலகையில் பாக்கிக்காரர் பெயரைச் சாக்பீஸால் எழுதிவிடுவார்கள். 1993-ல் எங்கள் வீட்டில் கடலை விளைச்சல் போய், மூன்று மாதம் தாத்தாவால் மணியார்டர் அனுப்ப முடியவில்லை. அப்பா பெயர் பலகையில் ஏறியது. "கை கழுவப் போறப்ப அந்தப் பலகையைத் தாண்டித்தாண்டா போகணும்" என்று சொன்னபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை, மாட்டுக்குத் தண்ணி காட்டுவதுபோல எழுந்து போய்விட்டார்.

ஆனால் கதையின் மற்ற பாதியை அம்மாதான் சொன்னார். பலகையில் பெயர் ஏறிய மூன்றாம் நாள் மெஸ் செயலாளர் அப்பாவின் அறைக்கே வந்து, "என்னடா பிரச்சினை?" என்று கேட்டிருக்கிறார். அன்று ராத்திரியே அந்த வராந்தாவில் இருந்தவர்கள் ஆளுக்கு நாற்பது, ஐம்பது என்று போட்டு ஒரு மாதப் பாக்கியைக் கட்டிவிட்டார்கள். மீதிக்கு, அதிகாலையில் காய்கறி மார்க்கெட்டுக்குப் போகும் வேலையை அப்பாவுக்குக் கொடுத்துக் கழித்துக்கொண்டார்கள். அவமானமும் அதே பலகையில்தான் வந்தது, உதவியும் அதே பலகையால்தான் வந்தது. நல்ல முறை என்று நான் சொல்லவரவில்லை. பலகையில் பெயர் பார்த்து அன்றே ஊருக்கு பஸ் ஏறி, திரும்பாதவர்களும் இருந்தார்களாம்.

அப்பா காலத்தில் வேறு சிலவும் இருந்தன. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒளியும் பார்க்க ஒரே டி.வி. முன்னால் நூறு பேர், ஊருக்குப் பேச எஸ்.டி.டி. பூத்தில் வரிசை, இன்லண்டு லெட்டர், பக்கெட்டோடு குழாயடி. இவையெல்லாம் சினிமாவில் நிறைய பார்த்தாச்சு, விடுங்கள். ஒன்றை மட்டும் விட முடியாது. ராகிங். அப்பா முதல் வருடம் வாங்கினார், மூன்றாம் வருடம் கொடுத்தார். வாங்கியதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார், கொடுத்ததைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் விடுதியில் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாடு விழித்தது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். 2009-ல் யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் நாடு முழுவதற்கும் விதிகள் போட்டன. அட்மிஷன் அன்று நாமும் அப்பாவும் கையெழுத்துப் போட்டோமே ஒரு உறுதிமொழி, அது அங்கிருந்து வந்ததுதான். முதல் வருடத்துக்குத் தனி பிளாக் என்பதும் அப்படியே. இதனால் சீனியர்-ஜூனியர் பாசம் போச்சு என்று சில பழைய மாணவர்கள் புலம்புவதை விழாவில் கேட்டிருப்பீர்கள். அடித்து வரவேண்டிய பாசம் எனக்கு வேண்டாம்.

இப்போது நம் காலம். கான்ட்ராக்ட் மெஸ். நாளுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட். தொடர்ந்து அஞ்சு நாள் இல்லாவிட்டால்தான் ரிடக்‌ஷன், சனி ஞாயிறு போய்வந்தால் ஒன்றும் குறையாது. விலை ஏறினாலும் இறங்கினாலும் கான்ட்ராக்டர் பாடு. தக்காளி விலை ஏறினால் பில் ஏறாது, ரசத்தில் தக்காளி குறையும்! மெஸ் ரெப் திருட வழியில்லை, ஏனென்றால் அவன் கையில் பணமே இல்லை. 'மெஸ் கமிட்டி' என்று நாலு பேர் இருக்கிறோம். எங்கள் வேலை சப்பாத்தி வேகவில்லை என்று வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டோ போடுவது. பாக்கி வைத்தால் பலகையில் பெயர் வராது, அவரவர் போனுக்கு மெசேஜ் வரும். கௌரவமான முறை. நானே பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

போன வருடம் என் அறையில் மூன்று பேர். அதில் ஒருவனுக்கு (பெயர் வேண்டாம்) நாலு மாதப் பாக்கி. அரசு விடுதியில் கேட்டுப் பார்த்து இடம் கிடைக்காமல் இங்கே வந்தவன். அவன் அப்பா தறி ஓட்டுகிறவர், தறி நின்றுபோயிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. ராத்திரி "பசிக்கலைடா" என்று படுத்துவிடுவான். பிஸ்கட் கவர் கட்டிலுக்கடியில் கிடக்கும். நான் அதைப் பார்த்துவிட்டு, "ரூமை நாறடிக்காதே" என்று திட்டியிருக்கிறேன். என் கட்டிலுக்கும் அவன் கட்டிலுக்கும் மூன்றடி. இரண்டு பேர் கையிலும் போன். நான் அந்த மூன்றடி தூரத்தில் படுத்துக்கொண்டு, மெஸ் கமிட்டி உறுப்பினர் என்ற முறையில், சாம்பாரில் உப்பு இல்லை என்று டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் லீவுக்குப் போனவன் பெட்டியோடு போனான். நோ டியூஸ் இல்லாமல் ஹால் டிக்கெட் தர முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரியும். அதைச் சொன்னது அவன் இல்லை, மெஸ்ஸில் பரிமாறும் அண்ணன். "உன் ரூம் பையன்தானே தம்பி, உனக்குத் தெரியாதா?" என்றார்.

அவன் படிப்பை விடவில்லை. எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் தலையிட்டுத் தவணையில் கட்ட வைத்தார். இப்போது வீட்டிலிருந்தே வருகிறான். காலை நாலரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி வருகிறான், முதல் பீரியடில் தூங்குகிறான்.

பெண்கள் விடுதியில் எப்படி என்று என் வகுப்புத் தோழி ஒருவரைக் கேட்டேன். அங்கே ஒரு நோட்டு இருக்கிறதாம். பணம் குறைந்தவர் எழுத வேண்டியதில்லை. அறைத் தோழியே போய் வார்டனிடம் 'இவளுக்கு இந்த மாதம் முடியாது' என்று சொல்லலாம், பெயர் வெளியே வராது. ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள் என்ற ஒரு குறையைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினார். அது தனிக் கட்டுரை, அவரே எழுத வேண்டும்.

ஓட்டெடுப்பில் என் கை எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். டிவைடிங்குக்குத்தான். கரும்பலகை மட்டும் வேண்டாம், அந்த நோட்டு போதும். தினமும் காலை மார்க்கெட் போக ஆள் வேண்டுமே, அரியர் வைத்தவன் எப்படிப் போவான் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முறை வைத்துப் போகலாம் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. முதல் வாரம் நான் போகிறேன்.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்கும் முன் அவனிடம் காட்டினேன். பஸ்ஸில் படித்துவிட்டு மறுநாள் கொண்டுவந்தான். இரண்டு வரியைப் பேனாவால் அடித்திருந்தான். பிஸ்கட் கவர் வரியை அடிப்பான் என்று நினைத்தேன், அதை விட்டுவிட்டான்.