கணினித் திரைக்கு எவ்வியக்கி?

அக்குறணைக் கடைத்தெருவில் தட்டச்சும் படம் அச்சிடலும் செய்து பிழைக்கும் இளைஞர் ஒருவர், முன்னர் என்னிடம் பயின்றவர், சென்ற மாதம் என்பால் வந்து, “சேர், கணினியில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். திரைக்குக் கம்பனியின் டிரைவரைப் போடவா, திறந்த மூலத்தைப் போடவா?” என வினவினார். அவர்தம் கணினி பழையது. பிங்கா ஓயா பெருகிக் கடைக்குள் நீர் புகும்போதெல்லாம் மாடிக்கு ஏற்றிக் காக்கப்பட்டது. புதியது வாங்க அவருக்கு வசதியில்லை. ஆதலின் விளையாட்டாக விடை கூற என்னால் இயலவில்லை.

டிரைவர் என நாம் வழங்கும் இயக்கி யாது? கணினியின் நிரல்களும் திரையில் உருவம் வரையும் அட்டையும் வெவ்வேறு மொழி பேசுவன. இடைநின்று மொழிபெயர்க்கும் துபாஷியே இயக்கி. அதன் மூலநிரலை வெளியிடாது, இயங்கும் வடிவத்தை மட்டும் கம்பனி தருமாயின் அது தனியுரிம இயக்கி. எவரும் படித்துத் திருத்த விடப்பட்டது திறந்த மூல இயக்கி.

இன்டெல் அட்டை உடையார்க்கு இவ்வினா எழுவதேயில்லை. அக்கம்பனி லினக்ஸுக்கு ஆக்கும் இயக்கி திறந்ததே. ஏ.எம்.டி. கம்பனியும் 2007 இல் தன் அட்டைகளின் நுட்பக் குறிப்புகளை வெளியிடத் தொடங்கிற்று. இடர் என்விடியா அட்டைகளிடத்தேதான். தன்னார்வலர் சிலர் அவ்வட்டைகளின் நடத்தையை உற்றுநோக்கி, உள்ளே நிகழ்வதை ஊகித்தறிந்து, ‘நூவோ’ என்னும் திறந்த இயக்கியை ஆக்கினர். பூட்டிய வீட்டின் அறைகளைச் சன்னல் வழியே கண்டு வரைபடம் வரைந்தாற்போன்ற அரிய உழைப்பு அது. எனினும் 2014 செப்டம்பரில் வந்த அட்டைகள் முதலாக, கம்பனியின் மின்னொப்பம் பெற்ற உள்நிரலின்றி அட்டையின் வேகத்தை உயர்த்த முடியாதாயிற்று. அவற்றில் நூவோ நத்தையென ஊரும். 2018 இல் தோன்றிய டியூரிங் வகையிலிருந்து இத்தடை நீங்க வழி பிறந்தது. 2022 மே மாதத்தில் என்விடியாவே தன் இயக்கியின் உட்கருப் பகுதியைத் திறந்துவிட்டது.

நம் இளைஞரின் அட்டையோ 2010 இல் தோன்றிய பெர்மி வகை. வேகம் ஒன்றையே நோக்கின் கம்பனியின் இயக்கியே மேல். ஆனால் அவ்வகைக்குரிய 390 வரிசை இயக்கியைப் பேணுவதை என்விடியா 2022 இறுதியோடு நிறுத்திவிட்டது. லினக்ஸின் உட்கருவோ ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பதிப்புக் காண்பது. அதற்கேற்ப மாற்றப்படாத இயக்கி ஒருநாள் இயங்காது நிற்கும். மூலம் மூடியிருத்தலின் பிறர் அதனை முற்றாகத் திருத்தவும் இயலாது. நூவோ லினக்ஸுடன் சேர்ந்தே வளர்வது. எனவே அதனையே கொள்க என்றேன். முப்பரிமாண விளையாட்டுகளுக்கு அது பற்றாது. அடையாள அட்டைப் படத்தை வெட்டித் திருத்தி அச்சிட அது தாராளமாகப் போதும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் அவர் தம்பிக்கோ நேர்மாறாகக் கூறினேன். அவரிடமுள்ளது புதிய என்விடியா அட்டை. பாடத்துக்கு வேண்டியது ‘கூடா’ என்னும் கணிப்பு முறை. அதனை நூவோ கொண்டு செய்தல் இயலாது. கம்பனியின் இயக்கியே வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் ஒன்றும் தம்பி மற்றொன்றுமாக இப்போது வைத்திருக்கின்றனர்.