முதியோர் உடல்நிலைச் சரிவை முன்னறிதல்

முதியோர் உடல்நிலைச் சரிவை முன்னறிதல் என்பது, கடும் நோயுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதியவரின் நிலை மோசமாவதை, உயிர்க்குறிகளில் ஏற்படும் சிறு மாற்றங்களைக் கொண்டு முன்கூட்டியே கண்டறியும் முறையாகும். மருத்துவமனைகளில் இதயம் நின்றுபோதல் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நிகழ்வதில்லை. பல மணி நேரத்துக்கு முன்பே மூச்சு வேகம், நாடித்துடிப்பு, நினைவுநிலை ஆகியவற்றில் மாற்றம் தென்படுவதுண்டு. இதுவே இம்முறையின் அடிப்படை ஆகும்.

வரலாறு

உயிர்க்குறிகளுக்குப் புள்ளிகள் அளித்துக் கூட்டும் 'முன்னெச்சரிக்கைப் புள்ளி முறை' 1997 இல் இங்கிலாந்தில் முன்வைக்கப்பட்டது. 2012 இல் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரி, நாடு முழுமைக்குமான பொது முறை ஒன்றை (நியூஸ்) வெளியிட்டது. அதன் திருத்தப்பட்ட வடிவமான நியூஸ்-2, 2017 இல் வெளிவந்தது.

கணக்கிடும் முறை

மூச்சு வேகம், குருதியின் ஆக்சிசன் செறிவு, செயற்கையாக ஆக்சிசன் தரப்படுகிறதா என்பது, மேல் குருதி அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுநிலை, உடல் வெப்பம் ஆகிய ஏழும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. இயல்பு நிலைக்கு 0 புள்ளியும், விலகலுக்கேற்ப 3 வரையும் தரப்படும். கூட்டுத்தொகை 5 அல்லது 6 எனில் மருத்துவர் விரைந்து பார்க்கவேண்டும். 7 அல்லது அதற்கு மேல் எனில் அது அவசர நிலையாகும்.

எடுத்துக்காட்டு

வேலூர் லாங் பஜாரில் கடை நடத்தும் 78 அகவை வணிகர் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். மூச்சு நிமிடத்துக்கு 22 (2 புள்ளிகள்), ஆக்சிசன் செறிவு 94% (1), அழுத்தம் 108 (1), நாடி 88 (0), வெப்பம் 36.8 பாகை செல்சியசு (0). ஆக்சிசன் தரப்படவில்லை (0). மொத்தம் 4, காய்ச்சலும் இல்லை. ஆனால் நேற்றுவரை கணக்கு எழுதியவர் இன்று மகனை அடையாளம் காணவில்லை எனில், புதிய மனக்குழப்பத்திற்கு 3 புள்ளிகள் சேர்ந்து 7 ஆகிவிடும். இக்குழப்பத்திற்குத் தனிப் புள்ளி அளித்தது நியூஸ்-2 இல் செய்யப்பட்ட முக்கிய மாற்றமாகும்.

முதியோருக்குரிய சிக்கல்கள்

* கடும் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம்.
* பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்பவர்களுக்கு நாடித்துடிப்பு உயராமல் இருக்கலாம்.
* வழக்கமாக 160 அழுத்தம் உள்ளவருக்கு 115 என்பது பெரும் வீழ்ச்சி. எனினும் அட்டவணையில் அதற்கு 0 புள்ளியே.
* குழப்பத்தை 'வயதானால் அப்படித்தான்' என்று ஒதுக்கிவிடும் வழக்கம் உள்ளது.

ஆகவே புள்ளிகளுடன், நோய்க்கு முன் அவர் எவ்வளவு நடமாடினார், பிறர் உதவி தேவைப்பட்டதா என்பதை மதிப்பிடும் உடல்நலிவு அளவுகோலும் பயன்படுத்தப்படுகிறது.

தமிழ்நாட்டில்

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978 இல் முதியோருக்கான தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 இல் திறக்கப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரி, 1946 இல் இந்தியாவில் முதன்முதலாகப் பட்டப்படிப்பைத் தொடங்கிய கல்லூரிகளுள் ஒன்றாகும். உயிர்க்குறிகளை அளந்து பதிபவர் செவிலியரே என்பதால் அவர்களது பயிற்சி இங்கு முதன்மை பெறுகிறது.

வேலூருக்கு ஆம்பூர், வாணியம்பாடி போன்ற அண்மை ஊர்களிலிருந்து மட்டுமன்றி, மேற்கு வங்காளம், வங்காளதேசம் ஆகிய இடங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். நோயாளியின் மொழி தெரியாத செவிலியருக்கு அவரது பேச்சுக் குழப்பம் எளிதில் புலப்படாது. படுக்கையருகே இருக்கும் உறவினர், 'இவர் இப்படிப் பேசுபவரல்லர்' என்று கூறுவது இங்கு ஓர் அளவீட்டுக்கு நிகரான தகவலாகும்.

வரம்புகள்

புள்ளிகள் எச்சரிக்கை மட்டுமே. நோய் இன்னதென்று அவை கூறா. அளவீடு தவறினாலோ, உயர்ந்த புள்ளியைக் கண்டும் எவரும் வராவிட்டாலோ பயனில்லை. குறைந்த புள்ளி இருப்பினும், செவிலியரோ உறவினரோ கவலை தெரிவித்தால் நோயாளியை மீண்டும் பார்ப்பதே முறையாகும்.