ஆயிரம் ரூபாய் போகும் வழி

2020 மார்ச் 28. கொரோனா ஊரடங்கு தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. 'பிஎம் கேர்ஸ்' என்ற நிவாரண நிதியைப் பிரதமர் அறிவித்தார். கைபேசியிலிருந்தே நன்கொடை அனுப்ப ஒரு யுபிஐ முகவரியும் தரப்பட்டது: பிஎம்கேர்ஸ்@எஸ்பிஐ. அறிவிப்பின் சூடு ஆறுவதற்குள் அதே போன்ற இன்னொரு முகவரி உலவத் தொடங்கிவிட்டது. அசலில் 'பிஎம்கேர்ஸ்' என்பதன் முடிவில் இருந்த 'எஸ்' அதில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். டெல்லி போலீஸ் எச்சரிக்கை விடுத்தது. ஸ்டேட் பாங்க் அந்த முகவரியை முடக்கியது. அதற்குள் இதே பாணியில் வேறு சில முகவரிகளும் முளைத்திருந்தன.

கோயில் உண்டியலில் காசு போடுகிறவருக்கு அது எந்தக் கோயில் உண்டியல் என்ற சந்தேகம் வருவதில்லை. கைபேசித் திரையிலோ ஒரு கியூஆர் கோடு, அதன் மேல் யாரோ ஒட்டிய ஒரு படம், ஒரு பெயர். நம்ப வேண்டியது அந்தப் பெயரை மட்டும்தான். யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ இந்த விஷயத்தில் 2025-இல் ஒரு நல்ல காரியம் செய்தது. பணம் பெறுபவரின் பெயராக, வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே செயலிகள் காட்ட வேண்டும், ஜூன் 30-க்குள் இது நடைமுறைக்கு வர வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு முன்பு, தானே சூட்டிக்கொண்ட பெயரோடும் ஒருவர் திரையில் தோன்ற முடிந்தது.

ஆகவே பின் எண்ணைப் போடுவதற்கு முன் அந்தப் பெயரைப் படிப்பது முக்கியம். போஸ்டரில் அறக்கட்டளை, திரையில் தனிமனிதர் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். தெருமுனை அன்னதானக் குழுக்கள் செயலாளரின் சொந்தக் கணக்கில் வசூலிப்பது உண்டுதான். எல்லாமே மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வங்கிப் பதிவில் அந்தப் பணம் செயலாளருக்குப் போன பணம். ரசீதும் கணக்கும் அவர் மனசைப் பொறுத்தவை.

சரி, பெயர் சரியாக இருக்கிறது, ஆயிரம் ரூபாய் போய்விட்டது. முழுசாகப் போய்ச் சேருமா?

வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் அனுப்பினால் பெரும்பாலும் சேரும். 2020 ஜனவரி முதல் இத்தகைய பரிவர்த்தனைக்கு, பணம் பெறுபவரிடம் வசூலிக்கப்படும் எம்டிஆர் கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டு என்றால் கதை வேறு. நடுவில் இருக்கும் பேமென்ட் கேட்வே 2 சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொண்டால் 20 ரூபாய். தொண்டு நிறுவனத்தின் கைக்கு வருவது 980 ரூபாய். தனியொருவருக்கு இது சில்லறை விஷயம். ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் கார்டு வழியாகத் திரட்டும் தொண்டு இல்லத்துக்கோ இந்த 2 சதவீதமே 2,00,000 ரூபாய்.

இதற்கு மேல் 'டிப்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. மருத்துவச் செலவுக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் மிலாப், கெட்டோ போன்ற தளங்கள் இந்தியாவில் 2010-க்குப் பிறகு பரவின. இத்தகைய தளங்களில் தளக் கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டு, நன்கொடை கொடுப்பவரிடம் தளத்துக்கென்று ஒரு தொகை கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பதில் தப்பில்லை, அவர்களும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தச் சதவீதம் முன்கூட்டியே நிரப்பப்பட்டு நிற்பதும், அதைப் பூஜ்யமாக்கும் வழியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருப்பதும் நாணயமான வியாபாரம் அல்ல. 5,000 ரூபாய் கொடுக்க வந்தவர் 10 சதவீத டிப்ஸைக் கவனிக்காமல் விட்டால், கணக்கிலிருந்து 5,500 போகும். கூடுதல் 500 நோயாளிக்குப் போவதில்லை.

இருந்தாலும் இந்தத் தளங்களும் யுபிஐ-யும் செய்திருக்கும் வேலையை மறுக்க முடியாது. முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு நோய்க்கான ஒற்றை ஊசி மருந்தின் விலை 16 கோடி ரூபாயைத் தாண்டும். 2021-இல் கேரளத்தில் ஒரு குழந்தைக்காக 18 கோடி ரூபாய் வேண்டிக் கோரிக்கை போனது. சில நாட்களிலேயே, போதும், இனி அனுப்பாதீர்கள் என்று அறிவிக்க வேண்டிய நிலை. கடைசியில் சேர்ந்தது 40 கோடிக்கும் மேல். மிஞ்சியதை அதே நோய் உள்ள மற்றக் குழந்தைகளுக்குக் கொடுப்பதாக முடிவானது. எல்லாக் கோரிக்கைக்கும் இந்த யோகம் அடிப்பதில்லை. படமும் வீடியோவும் நன்றாக அமைந்த குழந்தைக்குக் கோடிகள் குவிகின்றன. பக்கத்துப் படுக்கையில் இருப்பவரின் கோரிக்கை பத்தாயிரத்தில் நின்றுவிடுகிறது. கொடுக்க நினைப்பவர், பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகிறதா என்று பார்ப்பது நல்லது. பல தளங்களில் அந்த ஏற்பாடு இருக்கிறது. சந்தேகம் வந்தால் மருத்துவமனைக்கே ஒரு போன் போட்டுக் கேட்கலாம்.

வரிச்சலுகை விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 80ஜி எனும் வருமானவரிச் சலுகை, பதிவு பெற்ற நிறுவனத்துக்கும் அரசு அறிவித்த நிதிகளுக்கும் கொடுப்பதற்கு மட்டும். தனி நோயாளிக்குக் கொடுத்தால் கிடையாது. பல நிறுவனங்களுக்கு 50 சதவீதம்தான். அதாவது 10,000 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாய், வரியிலிருந்து அல்ல, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மிச்சம் ஏறத்தாழ 1,000 ரூபாய். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு என்றால் 100 சதவீதமும் கழியும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்த 80ஜி கழிவு எதுவும் இல்லை.

முன்பெல்லாம் ரசீது இருந்தால் போதும். 2021-22 நிதியாண்டிலிருந்து, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை நிறுவனமே அடுத்த மே 31-க்குள் வருமானவரித் துறைக்கு அனுப்பி, ஒவ்வொருவருக்கும் 10பிஇ என்ற சான்றிதழ் தர வேண்டும். பான் எண் கேட்பது இதற்காகத்தான். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் அந்தச் சான்றிதழ் வேறு யாருக்கோ ஆகிவிடலாம். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கழிவு இல்லை என்பதும் ஆன்லைன் பக்கம் ஆட்களைத் தள்ளியிருக்கிறது.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இன்னொரு கதவு குறுக்கே நிற்கிறது. துபாயில் வேலை பார்க்கும் தம்பியிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். டொரண்டோவில் இருக்கும் அக்கா கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார். இருவரும் சொந்த ஊர் முதியோர் இல்லத்துக்கு ஆளுக்குப் பத்தாயிரம் அனுப்ப நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தம்பி தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது உள்நாட்டு நன்கொடை. அக்கா அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. கையில் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே அதை வாங்கலாம். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அது முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். இல்லத்தின் உள்ளூர்க் கணக்கில் அக்காவின் பணம் நேராக விழுந்தால் சிக்கல் இல்லத்துக்குத்தான். நன்கொடைப் பக்கங்களில் 'நான் இந்தியக் குடிமகன்' என்று ஒரு கட்டம் இருப்பதன் காரணம் இது. படிக்காமல் டிக் அடிக்கிற கட்டமும் அதுதான்.

நிறுவனங்களைக் கேட்டால், ஒரே தடவையில் வரும் ஐயாயிரத்தைவிட மாதாமாதம் வரும் ஐந்நூறே மேல் என்பார்கள். அரிசியும் சம்பளமும் மாதக் கணக்கு. 2021 அக்டோபர் 1 முதல் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதி அமலானபோது, அதற்கு இணங்காத பழைய கார்டு ஒப்புதல்கள் செயலிழந்தன. தொடர்ந்து கொடுக்க விரும்பியவர்கள் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. யுபிஐ ஆட்டோபே பரவிய பிறகு மாத நன்கொடை மீண்டும் எளிதானது. பணம் எடுப்பதற்கு முன்பே அறிவிப்பு வரும். நிறுத்த வேண்டுமானால் செயலியின் ஆட்டோபே பகுதியில் நாமே நிறுத்திக்கொள்ளலாம், நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கடைசியாக ஒன்று: மோசடிக் கணக்குக்குப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழைக்க வேண்டிய இணையக் குற்ற உதவி எண் 1930. முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால், பணம் கைமாறுவதற்கு முன் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம்.