கடலில் விழும் ஜலம் வீணா?

ஆற்று ஜலம் கடலில் போய் விழுவதைக் கண்டால் நம்மவர்களுக்கு மனம் பொறுப்பதில்லை. "இவ்வளவும் வீணாகிறதே!" என்று பெருமூச்சு விடுகிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தங்கள் வியாசங்களில் அப்படியே எழுதுகிறார்கள். நானும் பல வருஷங்கள் அதைத் திருத்தாமலே விட்டு வந்தேன். தென்னாப்பிரிக்காவில் வாழும் ஒரு சின்னஞ்சிறு மீனின் வரலாற்றை அறிந்த பிறகு, அந்த வாக்கியத்தின் கீழே சிவப்பு மையால் கோடிடத் தொடங்கியிருக்கிறேன்.

அம்மீனுக்குக் கழிமுகக் குழல்மீன் என்று பெயர் சொல்லலாம். கடற்குதிரைக்கு நெருங்கிய உறவு. கடற்குதிரையை நேராக நீட்டிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். நீளம் சுமார் 13 சென்டிமீட்டருக்கு மேல் போவதில்லை. பருமனோ பென்ஸிலைவிடக் குறைவு. செதிலுக்குப் பதிலாக எலும்பு வளையங்கள் உடலைக் கவசம்போல் மூடியிருக்கின்றன. வாயில் பல் இல்லை. குழல் போன்று நீண்ட முகத்தின் நுனியிலுள்ள சிறு வாயால், நீரில் மிதந்து வரும் நுண்ணிய ஜந்துக்களை வெடுக்கென்று உறிஞ்சிக்கொள்ளும். வேகமாக நீந்தும் சக்தி இதற்கில்லை. ஆகையால் கழிமுகத்தின் அடியில் வளரும் கடற்புல்லின் நடுவே, தானும் ஒரு புல்லிதழ்போல் அசைந்துகொண்டு, பகைவர் கண்ணில் படாமல் காலம் கழிக்கிறது.

இதன் குடும்ப வழக்கம் விசித்திரமானது. முட்டையிடுவது மட்டுமே பெண்ணின் வேலை, சுமப்பது ஆண். தகப்பன் மீனின் வால்புறத்து அடியில் இரண்டு தோல் மடிப்புகள் சேர்ந்து ஒரு பை உண்டாகிறது. தாய் அதில் முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். பிராணவாயு கொடுத்து வளர்த்து, உருவம் முழுமை பெற்ற குஞ்சுகளாக வெளியே விடுபவன் தகப்பனே!

1963-ஆம் வருஷம் இம்மீனைத் தனி இனமென்று விவரித்துப் பெயரிட்டவர் ஜே. எல். பி. ஸ்மித். யுகயுகங்களுக்கு முன்பே அற்றுப்போனதாக எண்ணியிருந்த சீலகாந்த் மீன் 1938-இல் வலையில் அகப்பட்டபோது, அதை இன்னதென்று உலகுக்கு அறிவித்த பேராசிரியர் அவரே. குழல்மீனின் ராஜ்யம் மிகக் குறுகியது. கிழக்குக் கேப் மாகாணத்துக் கரையில் புஷ்மன்ஸ், கரீகா, கசூகா முதலிய சில சிற்றாறுகளின் கழிமுகங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது.

அங்கும் தேடிக் காணாமல், 1994-இல் இந்த இனம் அழிந்துவிட்டதென்றே அறிவித்தார்கள். ஆனால் 1996-இல் அருகிலுள்ள கிழக்குக் கிளைனமொண்டு என்ற கழியில் மறுபடி அகப்பட்டது. சீலகாந்தின் கதை சிறிய அளவில் திரும்பவும் நடந்தது போலாயிற்று!

இது ஏன் மறைந்தது? கரீகா போன்ற ஆறுகளின் மேற்பகுதியில் அணைகள் எழுந்தன. கழிமுகத்துக்கு வரும் நன்னீர் குறைந்தது. மழைவெள்ளம் வெறும் ஜலத்தை மட்டும் கொண்டு வருவதில்லை. நிலத்தின் சாரத்தையும் கொண்டு வருகிறது. அச்சாரத்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகும். பாசியைத் தின்று நுண்ஜந்துக்கள் பெருகும். அவையே குழல்மீனுக்கு ஆகாரம். வெள்ளம் நின்றால் இந்தச் சங்கிலி முதற் கண்ணியிலேயே அறுகிறது. பஞ்ச காலத்தில் கரீகாக் கழியின் மேற்கோடி கடலைவிட அதிகமாக உப்புக் கரித்ததுண்டு. பிறகு நல்ல மழை பெய்து நன்னீர் வந்தபோது, அந்தக் கரீகாவிலேயே குழல்மீன் மீண்டும் தோன்றியதென்று 2007-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

அணைகளே கூடாதென்று சொல்வதற்கில்லை. குடிக்கவும் பயிர் செய்யவும் மனிதனுக்கு ஜலம் வேண்டும். ஆனால் தென்னாப்பிரிக்கா 1998-இல் இயற்றிய தண்ணீர்ச் சட்டத்தில், மனிதரின் அத்தியாவசியத் தேவைக்கு மட்டுமன்றி, ஆற்றின் உயிர்வாழ்வுக்கும் ஒரு பங்கை முதலில் ஒதுக்க வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது; ஜலம் கழிமுகம் வரை போய்ச் சேரவேண்டும். குழல்மீன் இன்றும் அழிவின் விளிம்பிலேதான் நிற்கிறது.

ஆறு கடலுக்குக் கொடுப்பது வீண்செலவு அல்ல. வழியிலே காத்திருக்கும் உயிர்களுக்கு அளக்கும் படி. அடுத்த முறை பிள்ளைகள் அந்த வாக்கியத்தை எழுதினால், இக்கதையைச் சொல்லுங்கள்.