மாளிகையும் காடும்

அரசர்கள் அரண்மனை கட்டுவது உலக வழக்கம். ஆனால், அரசரே இல்லாத குடியரசு நாடொன்றில், பட்டமோ பரம்பரை ஆட்சியோ இல்லாத வணிகர் சிலர், அரசரும் வியக்கும் மாளிகைகளை எழுப்பிய காலம் ஒன்று இருந்தது. அந்நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அக்காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகள்.

அக்காலத்தை ‘முலாம் பூசிய காலம்’ என்று அமெரிக்கர் வழங்குவர். மார்க் டுவெயின் என்னும் எழுத்தாளர் சார்லஸ் டட்லி வார்னர் என்பவரோடு சேர்ந்து எழுதி, 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினத்தின் பெயரே பின்னர் அக்காலத்திற்கும் பெயராயிற்று. பொன் உள்ளும் புறமும் பொன்னாகவே இருக்கும். முலாமோ மேலே மட்டும் மின்னும். சிறிது சுரண்டினால் உள்ளிருக்கும் செம்பு வெளிப்பட்டுவிடும். இப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை இனிக் காண்போம்.

1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் தொழில்கள் விரைந்து வளர்ந்தன. இருப்புப்பாதைகள் நாட்டின் கீழ்க்கடலையும் மேல்கடலையும் இணைத்தன. எஃகு ஆலைகளும் எண்ணெய்க் கிணறுகளும் பெருகின. இவற்றை ஆண்ட சில குடும்பங்களிடம் அளவற்ற செல்வம் குவிந்தது. வருமான வரியும் 1913ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் நிலைபெறவில்லை. ஆதலால், வந்த செல்வம் பெரும்பாலும் வந்தவரிடமே தங்கியது.

அக்குடும்பங்களுள் ஒன்று வாண்டர்பில்ட் குடும்பம். அதன் முதல்வரான கார்னீலியஸ் வாண்டர்பில்ட், இளமையில் நியூயார்க்குத் துறைமுகத்தில் சிறு படகில் ஆட்களை ஏற்றிச் சென்று பொருள் ஈட்டியவர். பின்னர் நீராவிக் கப்பல்களுக்கும் புகைவண்டிப் பாதைகளுக்கும் உரியவரானார். 1877ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது, ஏறத்தாழ 10 கோடி டாலர் விட்டுச் சென்றார். அவர் மகன் வில்லியம் எட்டே ஆண்டுகளில் அதனை இருமடங்காகப் பெருக்கினார். பேரர்களோ பொருளைப் பெருக்குவதைவிட மாளிகை கட்டுவதிலேயே மிகுந்த ஊக்கம் காட்டினர்.

அட்லாண்டிக்குக் கடற்கரையில் உள்ள நியூபோர்ட்டு நகரில் செல்வர் பலர் கோடைக்கால இல்லங்களை அமைத்தனர். அவற்றைக் ‘குடில்கள்’ என்று அடக்கமாகக் கூறிக்கொண்டனர். வாண்டர்பில்ட் பேரருள் ஒருவர் அங்கே 1895ஆம் ஆண்டில் கட்டிமுடித்த ‘குடில்’ 70 அறைகளைக் கொண்டது! ஆண்டில் சில வாரங்களே அவர்கள் அங்கே தங்குவது வழக்கம்.

எல்லா மாளிகைகளிலும் பெரியது, இளைய பேரரான ஜார்ஜ் வாண்டர்பில்ட் கட்டியது. இவர் வாணிகத்தில் நாட்டம் இல்லாதவர். நூல்களையும் கலைகளையும் விரும்பியவர். 1888ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஆஷ்வில் என்னும் மலை நகருக்குத் தம் அன்னையுடன் சென்றார். அங்குள்ள தூய காற்றும் நீல மலைத்தொடரும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. சிறிது சிறிதாக நிலம் வாங்கத் தொடங்கி, இறுதியில் 1,25,000 ஏக்கர் நிலத்திற்கு உரியவரானார். அந்நிலத்தில் முன்பு சிறு உழவர் பலர் வாழ்ந்தனர். ஷைலோ என்னும் கறுப்பின மக்களின் சிற்றூரும் இருந்தது. அவர்கள் நிலத்தை விற்று வேறிடம் சென்றனர்.

1889ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. பிரான்சு நாட்டின் பழைய கோட்டை மாளிகைகளை முன்மாதிரியாகக் கொண்டு ரிச்சர்டு மாரிஸ் ஹன்ட் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வகுத்தார். கட்டடப் பொருள்களைக் கொண்டுவருவதற்கென்றே தனி இருப்புப்பாதை போடப்பட்டது. அவ்விடத்திலேயே செங்கற் சூளை அமைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் ஆறு ஆண்டுகள் உழைத்தனர். 1895ஆம் ஆண்டுக் கிறித்துமசுத் திருநாளுக்கு முந்திய நாள், ‘பில்ட்மோர்’ எனப் பெயர் பெற்ற அம்மாளிகை விருந்தினருக்குத் திறக்கப்பட்டது.

அதில் 250 அறைகள் உள்ளன. விருந்துக் கூடத்தின் கூரை 70 அடி உயரம். மின்விளக்குகளும் மின்தூக்கியும் அங்கே அமைந்திருந்தன. வீட்டிற்குள்ளேயே நீச்சற் குளம் இருந்தது. சிற்றூர்களில் மக்கள் மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்த காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

முலாமின் உட்புறத்தையும் சிறிது நோக்குவோம். இம்மாளிகை எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் நாட்டில் நிகழ்ந்தவை யாவை? 1892ஆம் ஆண்டில் ஹோம்ஸ்டெட் என்னும் ஊரில் கூலிக் குறைப்பை எதிர்த்து எஃகுத் தொழிலாளர் போராடினர்; அப்போராட்டத்தில் உயிர்கள் பலியாயின. 1893ஆம் ஆண்டில் வங்கிகள் பல முறிந்தன. எண்ணற்றோர் வேலை இழந்தனர். 1894ஆம் ஆண்டில் புகைவண்டித் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தத்தை அடக்கப் படை அனுப்பப்பட்டது. மேலே பொன்னாக மின்னிய காலம் உள்ளே இவ்வாறு இருந்தது.

ஆயினும், பில்ட்மோரின் கதை மாளிகையோடு முடிவதில்லை. அதனைச் சூழ்ந்த நிலத்தை ஒழுங்குசெய்ய வந்தவர் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். நியூயார்க்கின் நடுப் பூங்காவை வகுத்தவருள் ஒருவர் இவர். ஜார்ஜ் தம் நிலம் முழுவதையும் பூங்காவாக்க எண்ணினார். முதியவரான ஓம்ஸ்டெட் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். மண் வளம் இழந்திருந்தது. நல்ல மரங்கள் எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. “மாளிகையின் அருகே மட்டும் பூங்கா போதும், ஆற்றங்கரையில் பயிர் செய்யலாம், எஞ்சிய நிலத்தைக் காடாக வளர்ப்பதே தக்கது” என்னும் கருத்தை அவர் எடுத்துரைத்தார். ஜார்ஜ் அதனை ஏற்றார்.

அக்காலத்தில் காட்டை வெட்டுதலை அறிந்தவர் பலர். வளர்த்தலை அறிந்தவர் மிகச் சிலர். 1892ஆம் ஆண்டில் கிஃபர்டு பின்ஷோ என்னும் இளைஞர் அங்கே காட்டு அலுவலராக அமர்ந்தார். முதிர்ந்த மரங்களைத் தேர்ந்து வெட்டி, இளமரங்களைக் காத்தால், காடு பயனும் தரும், அழியாமலும் இருக்கும் என்பதை அவர் செய்து காட்ட முயன்றார். இவரே பின்னர், 1905ஆம் ஆண்டில், அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். அவருக்குப்பின் செருமனியிலிருந்து வந்த கார்ல் ஷெங்க், 1898ஆம் ஆண்டில் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவில் காடு வளர்ப்புக் கலையைக் கற்பித்த முதற் பள்ளி அதுவே. மாணவர் காலையில் பாடம் கேட்டனர். பின்னர்க் காட்டிற்குள் சென்று அதனைச் செய்து பழகினர்.

பெருஞ்செல்வமும் நெடுநாள் நிற்கவில்லை. மாளிகையைக் கட்டவும் காக்கவும் ஆன செலவு ஜார்ஜின் பொருளைக் கரைத்தது. 1914ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர் மனைவி ஈடித் அம்மையார், ஏறத்தாழ 87,000 ஏக்கர் காட்டை, ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து டாலர் வீதம் அரசாங்கத்திற்கு விற்றார். அக்காட்டைப் பிளவாமல் என்றும் காடாகவே காக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இன்று பிஸ்கா தேசியக் காடு என்று வழங்குவதன் நடுப்பகுதி அதுவேயாகும்.

1930ஆம் ஆண்டில், நாடு பொருளாதார வீழ்ச்சியில் வருந்தியபோது, மாளிகையும் கட்டணத்துடன் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது தலைநகரின் தேசியக் கலைக்கூடத்து ஓவியங்கள் சில அங்கே காக்கப்பட்டன. இன்றும் மக்கள் சீட்டு வாங்கி அதன் அறைகளைக் கண்டு வியக்கின்றனர்.

மாளிகையைக் காண்போர் அதைக் கட்டியவரின் செல்வத்தை எண்ணுவர். காட்டில் நடப்போரோ எவர் செல்வத்தையும் எண்ணுவதில்லை. நிழலையும் நீரோடையையும் தமக்கே உரியவையாகத் துய்க்கின்றனர். தனக்கென அமைத்தது காட்சிப் பொருளாயிற்று. பிறர்க்கென விட்டது வாழ்வுப் பொருளாயிற்று. ஒரே கையிலிருந்து பிறந்த இவ்விரண்டனுள் முலாம் எது, பொன் எது என்பதை நாமே உணரலாம்.