பல்லில் வெள்ளைக் கோடு!

“பால் பல்தானே! விழுந்து முளைக்கப் போகிறது” என்று பாட்டி சமாதானம் சொல்லுவாள். பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அழும்போதுதான் பல் டாக்டரின் ஞாபகம் வரும். அதற்குள் சொத்தை நரம்பு வரை போயிருக்கும்.

எந்தக் குழந்தைக்குச் சொத்தை வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும் என்கிறார்கள் டாக்டர்கள். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் இதற்கென்றே 2002-ம் ஆண்டில் ஒரு பட்டியல் வகுத்தது.

வாயில் ஏற்கனவே சொத்தை உண்டா என்றுதான் டாக்டர் முதலில் பார்ப்பார். ஒரு பல்லில் இருந்தால் மற்றப் பற்களுக்கும் ஆபத்துதான். பிறகு தாயின் பல்லைப் பற்றி விசாரிப்பார். “என் பல்லுக்கும் குழந்தையின் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு! பூச்சி அரித்துவிட்டது என்று நாம் சொல்லுகிறோமே, அது உண்மையில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் வேலை. பெரும்பாலும் தாயின் எச்சில் வழியாகவே அவை குழந்தையின் வாய்க்கு வந்து சேருகின்றன.

எத்தனை தடவை?

அடுத்த கேள்வி தின்பண்டம் பற்றியது. எவ்வளவு தின்கிறான் என்பதைவிட, எத்தனை தடவை தின்கிறான் என்பதே முக்கியம். இனிப்புப் பட்டவுடன் கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அது பல்லைக் கரைக்கிறது. சுமார் அரை மணி நேரத்தில் உமிழ்நீர் அதை அடக்கி, இழந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. மிட்டாய், பிஸ்கட், மறுபடியும் மிட்டாய் என்று போய்க்கொண்டே இருந்தால் உமிழ்நீர் என்ன செய்யும்?

சுவீடனில் ஒரு மனநல விடுதியில் 1940-களில் இதைச் சோதித்தார்கள். சாப்பாட்டோடு இனிப்புத் தின்றவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. ஒட்டும் டாபியை இடையிடையே தின்றவர்களின் பற்கள் பாழாயின. மறுத்துப் பேச முடியாதவர்களின் பல்லைப் பலி கொடுத்து அறிந்த உண்மை இது!

தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். ஆகவே, சர்க்கரை போட்ட பால் புட்டியைச் சப்பிக்கொண்டே தூங்கும் குழந்தைக்கு ஆபத்து மிக அதிகம்.

உதட்டைத் தூக்குங்கள்!

ஒரு அடையாளத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கி, முன் பற்களைச் சுத்தமான துணியால் துடையுங்கள். ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு தீட்டியது போல, பளபளப்பில்லாத வெள்ளைக் கோடு தெரிகிறதா? சொத்தையின் ஆரம்பம் அது. இன்னும் ஓட்டை விழவில்லை. டாக்டர் புளோரைடு மருந்து பூசினால், பல் தேறிவிடக்கூடும். கோடு பழுப்பாகி, குழி விழுந்துவிட்டால் பல்லைக் குடைந்து அடைக்க வேண்டியதுதான்.

பல் முளைத்ததுமே புளோரைடு பற்பசையால் தேய்த்துவிட வேண்டும். மூன்று வயதுவரை ஒரு அரிசி அளவு போதும். பிறகு பட்டாணி அளவு.

ஆறு வயதில் இன்னொரு ஆபத்து உண்டு. பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல்! அதன் பள்ளங்களுக்குள் பிரஷ் சரியாக நுழையாது. பள்ளங்களை மூடும் பூச்சு ஒன்று இருக்கிறது. பல் நன்றாக வெளியே வந்ததும் டாக்டரிடம் அதைக் கேட்டுப் பூசிக்கொள்ளலாம்.